வெளியே வந்து சொல்லுங்கள்

தேன்மொழி செனட்டராகி இரண்டு வருடம் ஆகியும், குளுவாங்கில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருக்குச் செனட்டர் என்றால் என்ன வேலை என்று தெரியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அவளைக் கூப்பிடுவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவளைத்தான். "அது நகராண்மைக் கழகத்து வேலைங்க. நான் மேலவையில சட்டம் பேசறவ" என்று சொன்னால், "சரி ஒய்பி, பேசிட்டு வந்து வெளக்கப் போடச் சொல்லுங்க" என்பார்கள். மாண்புமிகு என்பதற்கு அங்கே ஒய்பி. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓட்டுக் கேட்டு ஜெயித்த பதவியா அது? கட்சி பார்த்துக் கொடுத்த நாற்காலி. கீழவையில் முடிவான மசோதா மேலே வரும். இவர்கள் பேசுவார்கள், தலையாட்டுவார்கள், மசோதா தன் வழியில் போய்விடும். இதற்குமுன் பல வருடம் இன்சூரன்ஸ் விற்றவள் தேன்மொழி. 'வேண்டாம் போங்க' என்று கேட்டைச் சாத்தியவர்களைக்கூட உட்காரவைத்துப் பேசிப் பழகியவள். அவளுக்கே யாரும் காது கொடுக்காத அந்த மண்டபத்தில் பேசுவது பெரும்பாடாக இருந்தது.

அதனால்தான் பத்து பாகாட் என்ற பக்கத்து ஊரின் துணி ஆலை விஷயம் காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது. வரக்கூடாதுதான். ஆனாலும் வந்தது.

சொன்னவள் சூசன். அந்த ஆலையில் சாயப் பிரிவுக்கு சூப்பர்வைசர். தேன்மொழியிடம் இன்சூரன்ஸ் எடுத்த காலத்திலிருந்து அக்கா, தங்கை என்று பழக்கம். மாதா கோயில் பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நைட் ஷிப்டுல துணி திருடு போவுதுன்னு பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிடுறாங்க அக்கா. அது தீப்பிடிச்சா ஓடறதுக்குன்னு வச்ச கதவு. போன மாசம் டிரையர்ல பொகை வந்திருச்சு. எல்லாம் அந்தக் கதவுகிட்டதான் ஓடுனோம். செக்யூரிட்டி கார்டு சாவியத் தேடிக்கிட்டு நிக்கிறான். பங்களாதேஷ் பையங்க கைய வச்சு அடிச்சு அடிச்சு... நல்லவேள, பொகையோட போச்சு."

"நான் மேலவையில பேசறேன் சூசன்."

"பேசுங்க. என் பேரு மட்டும் வரக்கூடாது அக்கா. நானும் அவரும் அந்த ஆலைய நம்பித்தான் இருக்கோம்."

அவர் என்றால் அவள் கணவர் திமோத்தி. ஆலைக்கு ஆள் ஏற்றிச் சொந்த வேன் ஓட்டுகிறவர். தேன்மொழி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்: "உன் பேர நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

வேலையிடப் பாதுகாப்பு மசோதா மேலவைக்கு வந்த அன்று, தேன்மொழிக்கு நேரம் கிடைத்தது மதிய உணவுக்குப் பிறகு. பாதி நாற்காலி காலி. இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண் சொக்கிக்கொண்டிருந்தது. அவள் கதவைப் பற்றிச் சொன்னாள், சங்கிலியைப் பற்றிச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அப்போது எதிரே இருந்த ஒரு மூத்த செனட்டர் எழுந்தார். தொழில் நடத்திப் பெருத்த மனிதர். சிரித்த முகத்தோடு ஆளைக் குத்துவதில் கெட்டிக்காரர்.

"மாண்புமிகு செனட்டர் நன்றாகக் கதை சொல்கிறார். எந்த ஆலை? யார் பார்த்தது? யார் சொன்னது?"

அவர் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் "சியாப்பா? சியாப்பா?" என்று குரல் கொடுத்தார்கள். யார், யார் என்று கேட்டுக்கொண்டே சிரித்தார்கள். தேன்மொழிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வருடமாகத் தன்னை யாரும் ஆளாக மதிக்கவில்லை என்ற ஆத்திரமெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"பத்து பாகாட்டில் இருக்கும் ஆலை" என்று பெயரைச் சொன்னாள். "சொன்னவர் சூசன். சாயப் பிரிவு சூப்பர்வைசர். பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவர். அந்தக் கதவைப் பற்றி உங்களைவிட அவருக்குத் தெரியும்!"

மேசைகள் தடதடவென்று தட்டப்பட்டன. மூத்த செனட்டர் உட்கார்ந்துவிட்டார். சொக்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் கண் விழித்து அவளைப் பார்த்தார்கள். அந்த மேசைச் சத்தம் அவளுக்கு இனித்தது. என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த இனிப்பு இறங்கிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவளுடைய உதவியாளர் ரூபேந்திரன் அந்தத் துண்டை மட்டும் வெட்டி முகநூலில் போட்டுவிட்டான். எடுக்கச் சொன்னாள். எடுத்தான். ஆனால் வாட்ஸ்அப்புக்குப் போனதை யார் எடுப்பது? அவையின் பதிவேட்டில் ஏறியதை யார் எடுப்பது? அங்கே 'திரும்பப் பெறுகிறேன்' என்று சொன்னால்கூட, முதலில் சொன்னதும் இருக்கும், திரும்பப் பெற்றதும் அதற்குக் கீழே இருக்கும்.

மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது, வழியில் யோங் பெங் ஊரைத் தாண்டியதும் திமோத்தி கூப்பிட்டார்.

"ஒய்பி, திமோத்தி பேசறேன். சூசன் வீட்டுக்காரர். வீடியோ பார்த்தோம். நல்லாப் பேசுனீங்க."

தேன்மொழி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மேனேஜரும் பார்த்துட்டாராம். காலையில சூசனோட கேட் பாஸ வாங்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போன்னுட்டாங்க. விசாரணையாம். என்னையும் வேன ஓரமா நிறுத்தச் சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் சொன்னேன்."

திட்டியிருந்தால்கூட தேவலை என்றிருந்தது அவளுக்கு. ரூபேந்திரனைக் குளுவாங் பக்கம் திருப்பாமல் நேரே பத்து பாகாட்டுக்கு ஓட்டச் சொன்னாள்.

சூசன் மைலோ கலந்து வைத்தாள். தட்டில் பிஸ்கட் வைத்தாள். விருந்தாளிக்குச் செய்வதெல்லாம் செய்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் அக்கா."

"தெரியும் சூசன். தப்பு என் மேலதான். அந்த ஆளு சிரிச்சாரு பாரு, அப்ப..."

"அவரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு."

அவர் சிரித்ததற்காக இவள் வேலை போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். அதை எப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் அதுதான்.

"மேனேஜர் ஒரு வழி சொல்றாரு" என்றாள் சூசன். "நீங்க அங்கயே, மேலவையிலயே சொல்லணுமாம். சூசன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்னு. சொல்லிட்டா திரும்ப எடுத்துக்குவாங்களாம்."

"அப்படிச் சொன்னா கதவு விஷயமே பொய்யின்னு ஆயிடுமே சூசன். இப்பதான் அதிகாரிங்க போயிப் பார்க்கறோம்னு சொல்லியிருக்காங்க. நான் பொய்யின்னு சொன்னா எவன் வருவான்?"

"கதவு உண்மைதான். என் வேலையும் உண்மைதானே அக்கா."

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், வேறு வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள் தேன்மொழி. கதவுக்காகத்தான் மறுக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி, மேசை தட்டிய அதே ஆட்களின் முன்னால் எழுந்து நின்று 'நான் பொய் சொன்னேன்' என்று சொல்ல மனம் வராததுதான். அது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்தாள்.

அந்த வாரம் மூத்த செனட்டர் நிருபர்களிடம் பேசினார். "அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்ற தைரியத்தில் யாரும் எதையும் சொல்லலாம். துணிச்சல் இருந்தால் அவர் வெளியே வந்து சொல்லட்டும்."

"இதெல்லாம் கண்டுக்காதீங்க ஒய்பி" என்றான் ரூபேந்திரன். "உள்ள சண்ட வந்தா எல்லாரும் சொல்ற டயலாக்தான் இது. எவனும் வெளிய வந்து சொன்னதும் இல்ல, கேட்டவன் அத எதிர்பார்க்கறதும் இல்ல."

தேன்மொழி அந்த வாக்கியத்தை மறுபடி படித்தாள். அப்போதுதான் அவளுக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது. உள்ளே பேசியதற்கு அவள்மீது கை வைக்க முடியவில்லை. அதனால்தான் ஆலைக்காரர்கள் கைக்கு எட்டிய சூசனைப் பிடித்தார்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் தானே போய் நின்றுவிட்டால்? யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டால்? கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆள் கிடைத்துவிடும். சூசனை விட்டுவிடுவார்கள்.

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் மனோகரன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். குளுவாங்கில் சின்னதாக ஒரு டயர் கடை வைத்திருப்பவன்.

"கேஸ் போட்டா என்னாகும் தெரியுமா? கட போகும். இந்த வீடு போகும்."

"தெரியும்."

"பதவியும் இன்னும் ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் உன்னை யாரு பார்ப்பா?"

"பேரச் சொன்னது நானுங்க. அந்தப் பிள்ள இல்ல."

மனோகரன் எழுந்து போய்க் கை கழுவினான். மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் காரை வெளியே எடுத்து நிறுத்தினான். "ஏறு" என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனை இவ்வளவு பிடித்தது அன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் ஆலையின் பின்பக்கம் போனார்கள். அங்கே யாரும் போகலாம், பொதுப் பாதை. நடுவில் ஒரு பெரிய லோங்காங், திறந்த சாக்கடைக் கால்வாய். சாயத் தண்ணீர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதற்கப்பால் கம்பி வேலி, வேலிக்குள்ளே பச்சை நிறக் கதவு. மேலே ஓடுகிற மனிதன் படம். கதவின் கைப்பிடிகளைச் சேர்த்து, மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற மாதிரி ஒரு சங்கிலி. உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. பகல் நேரத்திலேயே பூட்டித்தான் வைத்திருந்தார்கள். தேன்மொழி லோங்காங் ஓரத்தில் நின்று நன்றாகப் பார்த்தாள். இதுவரை அந்தக் கதவு சூசன் சொன்ன கதையாக இருந்தது. இப்போது கண்ணெதிரே இருந்தது.

பிறகு முன்வாசலுக்கு வந்தாள். ரூபேந்திரன் சொல்லி வைத்த நிருபர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆலையின் காவலாளிகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். தேன்மொழி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது மேலவை இல்லை. இங்கே எனக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது" என்றாள். "இந்த ஆலையின் அவசரக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன். பொய் என்றால் என்மீது வழக்குப் போடுங்கள். வேறு யார்மீதும் கை வைக்காதீர்கள்."

சொல்லி முடித்து மூச்சு விட்டபோது, செனட்டர் என்ற வார்த்தைக்குத் தான் தகுந்தவள் என்று முதல்முறையாக நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. பயந்துகொண்டே செய்த காரியம் அது. மனோகரன் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுக்கப் பிடித்திருந்தான்.

அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீசுக்காகக் காத்திருந்தார்கள். தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே மனோகரன் எட்டிப் பார்ப்பான். கரண்டு பில் வந்தது, கோயில் திருவிழா அழைப்பிதழ் வந்தது. நோட்டீஸ் வரவில்லை. வந்தது ஆலையின் அறிக்கை: 'மாண்புமிகு செனட்டரின் அக்கறையை மதிக்கிறோம், அதிகாரிகளுக்கு முழு ஒத்துழைப்புத் தருவோம்.' அதிகாரிகளும் வந்தார்கள். சங்கிலி கழன்றது. கட்சித் தலைவர் தானே போன் செய்து, இன்னொரு தவணைக்கு அவள் பெயர் பேசப்படுகிறது என்றார். மகளிர் சங்கத்தில் மாலை போட்டார்கள். அடுத்த கூட்டத்தொடரில் அந்த மூத்த செனட்டரே வராந்தாவில் கை குலுக்கி, "பரவாயில்லையே, வெளியே வந்துவிட்டீர்களே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இப்போது மரியாதை இருந்தது.

தேன்மொழி அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். இடையில் சூசனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. வேலைக்குத் திரும்பியிருப்பாள், ஆலைக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வசதியான நினைப்பு.

ஒருநாள் ரூபேந்திரன் வந்து, உட்காராமல் நின்றான்.

"ஒய்பி, சூசன் அக்காவ வேலைய விட்டு எடுத்துட்டாங்க. சாயப் பிரிவுல சூப்பர்வைசர்னு ஒரு வேலையே இனிமே கெடையாதாம். திமோத்தி அண்ணன் வேனையும் ஒரேயடியா நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரம் ஆச்சாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அன்று மதியமே தேன்மொழி பத்து பாகாட் போனாள். சூசன் வீட்டு முன்னால் அந்த வேன் நின்றிருந்தது. 'விற்பனைக்கு' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. சூசன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வந்தாள். திறக்கவில்லை. வெயில் இருவர் தலையிலும் அடித்தது.

"ஏன் சூசன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா?"

"நான் வெளிய வந்து சொன்னேனே சூசன். நீ சொல்லல, நானே பார்த்தேன்னு ஆலை வாசல்லயே சொன்னேன். எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன். வீடு, கட எல்லாம் போனாப் போகட்டும்னுதான்..."

"பார்த்தேன் அக்கா. வீட்டுல ஒக்காந்து போன்ல பார்த்தேன். நல்லாத்தான் சொன்னீங்க. கேஸ் போட்டாங்களா?"

"இல்ல."

"போட மாட்டாங்க. போட்டா கதவப் பத்திக் கோர்ட்டுல பேசணும், பேப்பர்ல வரும். என்னைய அனுப்புனா எங்க வரும்?" சூசன் குரல் உயரவில்லை. "நீங்க உள்ள நின்னு பேசுனாலும் சரி, வெளிய நின்னு பேசுனாலும் சரி, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது அக்கா. அந்தப் பாதுகாப்பு அந்த மண்டபத்துல இல்ல. உங்ககிட்ட இருக்கு."

தேன்மொழி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தான் துணிந்ததெல்லாம் எவ்வளவு மலிவான துணிச்சல் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, இவள் இத்தனை நாள் தனியாக இதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று வலித்தது.

"சங்கிலியக் கழட்டிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள் சூசன். "அது நல்ல காரியம். நான் வேணாம்னு சொல்லல. அந்தப் பையங்க நல்லா இருக்கட்டும்."

"நான் விட மாட்டேன் சூசன். அடுத்த கூட்டத்துல எழுந்து கேட்கறேன். பழிவாங்கிட்டாங்கன்னு அமைச்சர்கிட்ட நேராவே கேட்கறேன். உன் விஷயத்த நான்..."

"வேணாம் அக்கா."

"இல்ல சூசன், கேட்டாத்தான்..."

"போன வாரம் வேற கம்பெனிக்கு வேல கேட்டுப் போனேன். பேரக் கேட்டாங்க, சொன்னேன். அந்தப் பொண்ணு போன எடுத்துத் தேடிப் பார்த்திச்சு. எனக்கு முன்னாலயே அந்த வீடியோவப் போட்டுப் பார்த்திச்சு. உங்க கொரல் கேக்குது. மேச தட்டுற சத்தம் கேக்குது. 'ஓ, நீங்கதானா அது'ன்னிச்சு. அப்புறம் கூப்பிடறோம்னாங்க."

தேன்மொழி கேட்டின் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கு ஜேபி டவுன்ல ஒரு எடத்துக்குப் போறேன். க்ளீனிங் வேல. அங்கயும் பேரு கேப்பாங்க." சூசன் காலி வாளியை எடுத்துக்கொண்டாள். "எங்க அம்மா வச்ச பேரு அக்கா அது. இனிமே நல்லதுக்குக்கூட எங்கயும் அதச் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேன்மொழி பின்னாலேயே கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட அந்தப் பெயரைத் தவிர வேறு வார்த்தை இல்லாததால் நின்றுவிட்டாள்.